ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம்?

சங்கரன்கோவிலிலிருந்து தேவர்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிறவர்களுக்குக் காற்றாலைகள் பழகிப்போன காட்சி. அடுத்த முறை அதன் இறக்கையை உற்றுப் பாருங்கள். அடிப்பக்கம் நன்றாகத் திருகியிருக்கும். நுனிக்குப் போகப் போகத் திருகல் குறைந்து, சுழலும் தளத்தோடு படிந்துவிடும். இன்னும் தெற்கே இறங்கி, உவரிக்கோ இடிந்தகரைக்கோ போனால், ஃபைபர் படகுகளின் பின்புறத்தில் மாட்டிய மோட்டாரின் அடியில் அதே திருகலைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அதுதான் புரொப்பல்லர், படகை உந்தும் விசிறி. காற்றாலை காற்றிடமிருந்து ஆற்றலை வாங்குகிறது. புரொப்பல்லர் தண்ணீருக்கு ஆற்றலைக் கொடுக்கிறது. இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்.

புரொப்பல்லரின் நடுக்குடத்திலோ இறக்கையிலோ இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 9¼ × 10 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண் விட்டம்: இறக்கை நுனிகள் போடும் வட்டத்தின் குறுக்களவு, அங்குலத்தில். இரண்டாவது எண் புரியிடைத் தூரம். பள்ளியில் திருகு அளவியோடு படித்த அதே சொல்தான். தண்ணீர் கொஞ்சமும் நழுவாத திடப்பொருளாக இருந்தால், ஒரு முழுச் சுற்றில் புரொப்பல்லர் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதை அது சொல்கிறது. இங்கே 10 அங்குலம்.

இறக்கை ஏன் திருகியிருக்கிறது என்பதற்கான விடையும் இந்த எண்ணிலேயே இருக்கிறது. குடத்தை ஒட்டிய பகுதி ஒரு சுற்றில் ஏறத்தாழ 9½ அங்குலச் சுற்றளவுள்ள வட்டம் போடுகிறது. நுனி போடும் வட்டமோ 29 அங்குலம். இரண்டும் அதே ஒரு சுற்றில் அதே 10 அங்குலம் முன்னேறியாக வேண்டும். எனவே அடியில் 47 டிகிரி சாய்வு, நுனியில் வெறும் 19 டிகிரி. வார்ப்படத்தின் வளைவு ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

இனி வேகத்தைக் கணக்கிடலாம். ஒரு சிறு மோட்டாரின் எஞ்சின் நிமிடத்துக்கு 5500 முறை சுற்றுகிறது. அடியிலுள்ள பல்சக்கரங்கள் அதை 2.08-ஆல் வகுத்துக் கொடுக்க, புரொப்பல்லர் சுமார் 2640 முறை சுற்றும். சுற்றுக்கு 10 அங்குலம், அதாவது 25.4 சென்டிமீட்டர் என்றால், மணிக்கு 40 கிலோமீட்டர் வர வேண்டும். படகோ 28 கிலோமீட்டரில்தான் போகும். குறைகிற 30 சதவீதத்துக்கு நழுவல் என்று பெயர். இதை முழு நஷ்டம் என்று எண்ண வேண்டாம். இறக்கை தண்ணீரைச் சற்றுச் சாய்வாகச் சந்தித்தால்தான் அதன் முன்முகத்தில் அழுத்தம் குறைந்து, பின்முகத்தில் அழுத்தம் கூடி, உந்துதல் பிறக்கும். நழுவலே இல்லாவிட்டால் தள்ளுவிசையே இல்லை.

படகை உந்த முழுத் திருகு எதற்கு, ஒரு துண்டு போதும் என்பதை உலகம் தெரிந்துகொண்டதே ஒரு விபத்தில்தான். 1837-ல் லண்டனின் பாடிங்டன் கால்வாயில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் தன் சோதனைப் படகை ஓட்டிப் பார்த்தார். அதில் இருந்தது இரண்டு புரிகள் கொண்ட நீண்ட மரத் திருகு. ஓட்டத்தில் அது பாதி முறிந்து போனது. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாக ஓடியது! இன்றைய மூன்று இறக்கைகளும் அந்தத் திருகிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டுகள்தான்.

அடுத்த அதிசயம், தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே கொதிப்பது. நம் புரொப்பல்லரின் நுனி மணிக்கு 117 கிலோமீட்டர் வேகத்தில் வட்டமடிக்கிறது. விசை மிகக் கூடினால் இறக்கையின் முன்முகத்தில் அழுத்தம் சடாரென்று சரியும். காற்றழுத்தத்தில் 24-ல் ஒரு பங்காகக் குறைந்தால், 30 டிகிரி வெப்பத்திலேயே தண்ணீர் ஆவியாகிக் குமிழாகிவிடும். குமிழ்கள் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் நொறுங்கி, உலோகத்தைச் சிறு சம்மட்டிகளாக அடித்துக் குழிகள் போடுகின்றன. சார்லஸ் பார்சன்ஸின் டர்பினியா கப்பல் 1894-ல் இந்தக் குமிழாக்கத்தால்தான் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. ஒரே புரொப்பல்லரை எடுத்துவிட்டு, மூன்று தண்டுகளில் ஒன்பது சிறிய புரொப்பல்லர்களை மாட்டிய பிறகு, அது 34 நாட் வேகத்தைத் தொட்டது. அதாவது மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர்.

பெரிய விட்டமா, சிறிய விட்டமா? இரண்டு மடங்கு தண்ணீரைப் பாதி வேகத்தில் பின்னுக்குத் தள்ளினாலும் கிடைக்கும் உந்துதல் அதேதான். தண்ணீரோடு போய்விடும் ஆற்றலோ பாதியாகிறது. எனவே பெரிதாக, நிதானமாகச் சுற்றும் விசிறி எரிபொருளை மிச்சப்படுத்தும். 1865-ல் ராங்கின், 1889-ல் ஃப்ரூட் என்ற பொறியாளர்கள் கப்பலுக்காக வகுத்த கணக்கு இது. இதே வழியில் போய்த்தான், காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் 1920-ல் காட்டினார். தேவர்குளத்துக் காற்றாலைக்குக் கணக்கு வந்தது கடலிலிருந்துதான்.

ஆனால் வெளிப்பொருத்து மோட்டாரில் விட்டத்தை இஷ்டப்படி கூட்ட முடியாது. புரொப்பல்லருக்கு மேலே, காற்று உள்ளே இழுக்கப்படாமல் தடுக்கும் தகடு ஒன்று இருக்கிறது. இறக்கை அதற்குக் கீழே அடங்க வேண்டும். ஆகவே வாங்குபவர் கையில் இருக்கும் முக்கியமான தேர்வு புரியிடைத் தூரம்தான். அதை மோட்டாரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. படகின் எடையும் அதில் ஏறும் சுமையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

புரியிடை கூடிய புரொப்பல்லரைக் கனத்த படகில் மாட்டுவது, பாரம் ஏற்றிய பைக்கை டாப் கியரில் மேடேற்றுவது போன்றது. எஞ்சின் முக்கும், சூடேறும், கரி படியும், எண்ணெய் குடிக்கும். புரியிடை குறைந்தால் எஞ்சின் வெறுமனே அலறி, அளவுக்கு மீறிச் சுற்றித் தேயும். சரியானது எது என்பதை ஒரு சுற்றுமானி சொல்லிவிடும். கடலுக்குப் போகும் அதே வலை, ஐஸ், ஆட்களோடு படகை எடுத்து, முழு விசையில் ஓட்டிப் பாருங்கள். கையேட்டில் 5000 முதல் 6000 சுற்று என்றிருந்து, உங்களுக்கு 4600 மட்டுமே வருகிறதா? புரியிடையில் ஓர் அங்குலம் குறைத்தால் ஏறத்தாழ 200 சுற்று கூடும். இரண்டு அங்குலம் குறைத்தால் வரம்பைத் தொடலாம். நான்கு அங்குலம் குறைத்தால் நடுவில் நிற்கலாம். மீன் நிறைந்து திரும்பும் படகு போகும்போதைவிடக் கனமாக இருக்கும் என்பதால், நடுவில் நிற்பதே நல்லது.

குடத்துக்குள் இன்னொரு சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது. பல மோட்டார்களில் தண்டுக்கும் இறக்கைக்கும் இடையே ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பாறையில் அடித்தாலோ வலை சுற்றிக்கொண்டாலோ அது வழுக்கிக் கொடுத்து, விலையுயர்ந்த பல்சக்கரங்களைக் காப்பாற்றிவிடும். மிகச் சிறிய மோட்டார்களில் ஒரு மெல்லிய ஆணி தானே முறிந்து அதே காவலைச் செய்கிறது.

ஆகவே கடைக்குப் போகும்போது குதிரைத்திறனை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பழைய புரொப்பல்லரில் பொறித்த இரண்டு எண்கள், முழுச் சுமையோடு வந்த சுற்று எண்ணிக்கை, கையேடு சொல்லும் வரம்பு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எந்தப் புரொப்பல்லர் வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.