சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்: மணிமேகலையில் பகிர்வும் மனமாற்றமும்

ஈகையைப் போற்றும் இலக்கியத்தை முற்போக்குச் சிந்தனையாளர் ஐயக்கண்ணோடு நோக்குவது வழக்கம். அவ்வையத்திற்கு நியாயமுண்டு. கொடுப்பவன் உயர்ந்தோனாகவும் பெறுபவன் தாழ்ந்தோனாகவும் நிலைத்திருக்க, இருவருக்குமிடையேயுள்ள சமூக உறவு மாறாது பேணப்படுவதற்கு ஈகை துணைபோவதுண்டு. பிரெஞ்சுச் சமூகவியலறிஞரான மார்செல் மோஸ், 1925ஆம் ஆண்டு வெளிவந்த கொடை பற்றிய ஆய்வில், கொடை எதுவும் கடப்பாடு அற்றதன்று என்பதையும், பெற்றவனைக் கொடுத்தவனோடு பிணிக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்பதையும் பல சமுதாயங்களின் வழக்கங்களைக் கொண்டு நிறுவினார். ஆயின், பகிர்ந்தளித்தல் என்னும் செயல் அதனைச் செய்வோனின் நெஞ்சையும் காண்போனின் நெஞ்சையும் மாற்ற வல்லதா என்ற வினா இதனாற் தீர்ந்துவிடவில்லை. தமிழிலே இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்ட நூல் மணிமேகலை. உ. வே. சாமிநாதையர் 1898இல் அதனைப் பதிப்பித்தபின் அதன் சமயக் கருத்துக்கள் பற்றியும் காலம் பற்றியும் நிரம்ப எழுதப்பட்டுள்ளது. அது பசியைப் பற்றிய காப்பியம் என்பதும் பலராற் கூறப்பட்டதே. தன்னலத்திற் கிடக்கும் நெஞ்சு எவ்வாறு திறக்கின்றது என்பதைச் சாத்தனார் ஒரே விடையாகக் கூறாது, ஒன்றற்கொன்று முரணான பல நிகழ்ச்சிகளாகக் காட்டியிருப்பது மட்டும் போதிய கவனத்தைப் பெறவில்லை என்று கருதுகின்றேன்.

அமுதசுரபி என்றதும் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்பதே நினைவுக்கு வரும். அப்பாத்திரத்தின் முன்வரலாறு அத்துணை மங்கலமானதன்று. அதனை முதலிற் பெற்ற ஆபுத்திரன், பெற்ற தாயாற் கைவிடப்பட்டு, ஏழு நாள் பசுவொன்றினாற் பால் சுரந்து காக்கப்பட்டு, பின்னர் அந்தணன் ஒருவனால் வளர்க்கப்பட்டவன். வேள்விக்கென்று கட்டப்பட்டிருந்த பசுவை நள்ளிரவில் அவிழ்த்துச் சென்ற குற்றத்திற்காக ஊராரால் அடிக்கப்பட்டு, பிறப்பு இழிவும் எடுத்துரைக்கப்பட்டு, வளர்த்த தந்தையாலும் நீக்கப்பட்டான். அந்தணர் வாழும் ஊர்களில் அவன் பிச்சைக்கு ஏந்திய கலத்திலே சோற்றுக்குப் பதிலாகக் கல்லை இட்டனர். இக்கல்லைச் சாத்தனார் வீணே வைத்தாரல்லர். கல் விழுந்த கையே பின்னர் தென்மதுரை அம்பலத்திலே குருடர், செவிடர், முடவர், பேணுநர் அற்றோர், பிணியுற்றோர் யாவரையும் கூவி அழைத்து ஊட்டியது. அவர்கள் உண்டு எஞ்சியதை அவன் உண்டான். பிச்சைப் பாத்திரத்தையே தலையணையாக வைத்துத் துயின்றான். தெய்வம் தந்த பாத்திரம் அவன் கைக்கு வருவதற்கு முன்பே இவையனைத்தும் நிகழ்ந்துவிட்டன என்பது நோக்கற்பாலது. பகிர்தலுக்கு மிகுதி வேண்டுமென்ற எண்ணத்தைக் காப்பியம் தொடக்கத்திலேயே மறுத்துவிடுகின்றது. மழை பெய்த ஒரு நள்ளிரவிலே பசித்தோர் வந்து நிற்க, இடுவதற்கு ஒன்றுமின்றி அவன் வருந்திய வேளையிலேதான் சிந்தாதேவி தன் கைப்பாத்திரத்தை அவனுக்கு ஈந்தாள்.

அடுத்து வரும் பகுதியே, என் மதிப்பீட்டில், பழந்தமிழ் இலக்கியம் ஈகையைப் பற்றிச் செய்த மிகக் கூர்மையான விசாரணை. ஆபுத்திரனின் அறத்தால் இந்திரனின் இருக்கை நடுங்குகின்றது. முதிய அந்தணன் வடிவில் வந்து வரம் தருவதாகக் கூறிய இந்திரனை அவன் எள்ளி நகைத்து அனுப்புகின்றான். சினங்கொண்ட இந்திரன் அவனைப் பழிவாங்கும் முறை விந்தையானது. பன்னிரண்டாண்டு மழையின்றி மடிந்த பாண்டி நாட்டிலே அவன் மழையைப் பொழிவிக்கின்றான்! நிலம் விளைகின்றது; பசித்தோர் இல்லாதொழிகின்றனர். அம்பலத்திலே ஏதிலாரும் வீணரும் கூடிக் களிக்கின்றனர். உண்பதற்கு எவரேனும் உளரோ என்று ஊர்தோறும் வினவித் திரியும் ஆபுத்திரனைக் கண்டோர் இகழ்கின்றனர். பிறர்க்கு வளம் வந்தமையால் வருந்தும் வள்ளல் என்ற நிலை எத்துணை முரண்பாடுடையது! பசியை ஒழிப்பது மழையும் விளைவுமே, பாத்திரம் அன்று என்ற உண்மையைச் சாத்தனார், தாம் விரும்பியோ விரும்பாமலோ, இவ்விடத்தில் ஒப்புக்கொள்கின்றார். ஈகையை மட்டும் வாழ்வின் பொருளாகக் கொண்டவனுக்கு இல்லாதவர்களின் இருப்பு தேவையாகிவிடும். தன்னலம் மிக நுண்ணிய வடிவிலே அறத்தின் உள்ளும் புகுந்துகொள்ளலாம். காப்பியம் அவனை இகழவில்லை. நாமும் இகழவேண்டியதில்லை. ஆயினும் ஈகைபற்றிய முற்போக்காளரின் ஐயம் புதியதன்று என்பது இதனாற் புலனாகும்.

சாவகநாட்டிலே மழையின்றி மக்கள் மடிகின்றனர் என்பதைக் கப்பலில் வந்தோர் வாயிலாக அறிந்து ஆபுத்திரன் கலமேறுகின்றான். கடற்காற்றினால் மணிபல்லவத்திலே தங்கிய கலம், இறங்கிய அவன் ஏறிவிட்டான் என்ற எண்ணத்தில் இரவிலே புறப்பட்டுவிடுகின்றது. ஆளில்லாத தீவிலே பல்லுயிரையும் ஊட்டவல்ல பாத்திரத்தோடு அவன் தனித்து நிற்கின்றான். அவன் ஒருவன் உண்டு உயிர்வாழ அது தாராளமாகப் போதும். பலர்க்கு உதவிய கலத்தைத் தன்னொருவன் வயிற்றுக்காக வைத்திருத்தல் தகாதென்று எண்ணி, அதனைக் கோமுகிப் பொய்கையிலே விட்டு, உண்ணாதிருந்து உயிர்துறக்கின்றான். இச்செயலை இன்றைய வாசகர் மிகையென்று கருதலாம். யானும் முன்னர் அவ்வாறே கருதியதுண்டு. ஆனால் மதுரையிலே அவனைப் பற்றியிருந்த முரண்பாடு அவிழ்வது இங்கேதான். பாத்திரத்தை அவன் தன் உடைமையாக ஒருபோதும் கொள்ளவில்லை என்பதற்கு வேறு சான்று இருக்க முடியாது.

மணிபல்லவத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்த தீவுகளுள் ஒன்றாக, சிறப்பாக நயினாதீவாகக் கொள்ளும் மரபு நம்மிடையே உண்டு. இத்தீவிலேயே நாகநாட்டு அரசர் இருவர் ஓர் ஆசனத்தை எமது எமது என்று உரிமைகோரிப் போரிட்டதாகவும், புத்தர் தோன்றி அப்பகையைத் தணித்ததாகவும் மணிமேகலை கூறுகின்றது. மகாவம்சமும் மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசரின் மணியாசனப் போரை நாகதீபத்திலே வைத்துக் கூறுவதால், இலங்கையின் இருமொழி மரபினருக்கும் இக்கதை பொதுவாகின்றது. எனது என்ற சொல்லால் விளைந்த போரின் நினைவைத் தாங்கிய அதே மண்ணிலே, எனது என்று எண்ண மறுத்தவன் ஒருவனின் பாத்திரம் நீருள் மறைந்து கிடந்து, பின்னர் வைகாசி விசாகத்து முழுநிலா நாளிலே மணிமேகலையின் கையை அடைகின்றது.

அவ்வாறு வந்த பாத்திரமும் முதலில் வெறும் பாத்திரமே. புகார் நகரத்து வீதியிலே மணிமேகலை அதனை ஏந்தி நின்றபோது, ஆதிரை இட்ட சோற்றின் பின்னரே அது சுரக்கத் தொடங்குகின்றது. வற்றாத கலத்திற்கும் மனமுவந்து இடும் ஒரு கை வேண்டியிருந்தது.

ஆதிரையின் கணவன் சாதுவனின் கதை தன்னல நெஞ்சின் மாற்றத்தை நேரடியாகவே பேசுவது. கணிகையிடத்தும் சூதிலும் பொருளை இழந்த அவன், கடல் வாணிகரோடு சென்று, கலம் உடைந்து, நாகர் வாழும் மலையை அடைகின்றான். உறங்கிக் கிடந்தவனை உணவென்று எண்ணி நெருங்கிய நாகர், அவன் தம் மொழியிற் பேசக் கேட்டு வியந்து தலைவனிடம் கொண்டுசெல்கின்றனர். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் தந்து உபசரிக்க முற்படுகின்றான், சாதுவன் மறுக்கின்றான். அதன்பின் நிகழும் உரையாடலிலே கொலையின் தீமையும் வினையின் பயனும் பேசப்படுகின்றன. இதனை அறவுரையின் வெற்றியாகவே பலரும் விளக்குவர். நூலை மீண்டும் படிக்குமிடத்து வேறொன்றும் தெரிகின்றது. முதலிற் பகிர முன்வந்தவன் சாதுவன் அல்லன். மனிதரை உண்பவனாகக் காட்டப்படும் நாகர் தலைவனே. தன்னிடமிருந்தவற்றுட் சிறந்ததென்று அவன் கருதியதை விருந்தினனுக்கு அளிக்க முன்வந்த அக்கணமே நெஞ்சு திறந்துவிட்டது. உபதேசம் திறந்த வாயிலிலே நுழைந்தது. மொழி தெரிந்திருந்தமையும் சிறிய காரணமன்று. தம் மொழி பேசுவோனை உண்ணுதல் எவர்க்கும் எளிதன்று. நாகரை நாகரிகமற்றோராகச் சித்திரிக்கும் பார்வையிலே புகார் வணிகரின் சார்பு தெரிகின்றது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

சாதுவன் கேட்டது அளவோடு கூடியது. கலமுடைந்து கரைசேர்வோரைக் கொல்லாது விடுமாறும், மூத்துத் தாமே இறந்த விலங்கினையன்றிப் பிற உயிர்களைக் கொன்று உண்ணாதிருக்குமாறுமே அவன் வேண்டினான். அவர்களின் வாழ்க்கையை முற்றாக மாற்றுமாறு அவன் கோரவில்லை; இவ்வளவே எம்மால் இயலும் என்று தலைவனும் உடன்பட்டான். முன்னர் கரையொதுங்கியோரிடமிருந்து கவர்ந்த அகில், சந்தனம், ஆடை முதலியன சாதுவனுக்கு அளிக்கப்பட்டன. பறித்ததைத் திருப்பியளித்தல் ஈகையாகுமா என்று கேட்போர் உளர். தக்க கேள்வியே.

சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிய நிகழ்ச்சி இவற்றினின்றும் வேறுபட்டது. காயசண்டிகையின் வடிவிலே மணிமேகலை சிறையுட் புகுந்து, அங்குள்ளோரின் பசியைத் தீர்க்கின்றாள். அவர்கள் செய்த குற்றம் யாது, தண்டனை முறையானதா என்ற வினாக்களுள் எதனையும் அவள் எழுப்பவில்லை. ஒரே பாத்திரம் பலரை உண்பிப்பதைக் கண்டு வியந்த காவலர் சோழ மன்னனுக்கு அறிவிக்கின்றனர். தான் செய்யத்தக்கது யாதென்று மன்னன் வினவ, சிறையை நீக்கி அவ்விடத்தை அறவோர்க்கு ஆக்குமாறு அவள் வேண்ட, அவ்வாறே ஆகின்றது. புத்தர் கோயிலும் அறவோர் பள்ளியும் அட்டிற்சாலையும் உண்போர் சாலையும் அங்கு எழுகின்றன. மன்னனின் மனமாற்றம் அவன் நெஞ்சோடு நின்றுவிடவில்லை. கட்டடமாக, ஆணையாக வெளிப்பட்டது. ஒஸ்கார் வைல்ட் 1888இல் வெளியிட்ட சிறுவர் கதையிலே தன்னலமுடைய அரக்கன் மனம் மாறியதும் தன் தோட்டத்து மதிலைத் தானே இடித்துவிடுகின்றான். அது தனியுடைமையின் மதில். இங்கே நீங்கியது அரசின் தண்டனை நிலையம். இரண்டு கதைகளிலும் நெஞ்சின் மாற்றம் கல்லிலும் சுண்ணத்திலும் புலப்பட்ட பின்னரே மெய்யானதாகக் கொள்ளப்படுகின்றது.

எனினும் சாத்தனார் எம்மை மகிழ்ச்சியோடு விட்டுச்செல்வதில்லை. அடுத்த காதையிலேயே இளவரசன் உதயகுமரன் காஞ்சனனால் வெட்டுண்டு இறக்கின்றான்; சிறையையே நீக்கிய அம்மன்னன், அதனை வேண்டிப் பெற்ற மணிமேகலையைக் காவலிலே வைக்குமாறு கட்டளையிடுகின்றான். ஒரு கோட்டத்தை இடித்த அரசு மற்றொன்றை நொடியிலே உண்டாக்கிக்கொள்ளும். மன்னனின் நெஞ்சு மாறியதா, அன்றி வியப்பின் வேகத்தில் ஓர் ஆணை பிறந்ததா என்று இங்கே ஐயுறவேண்டியுள்ளது. மகனை இழந்த இராசமாதேவியோ அருளுடையாள் போல நடித்து மணிமேகலையைத் தன்பாற் பெற்று, மருந்தூட்டிப் பித்தேற்றவும், கூலிபெற்ற ஒருவனைக் கொண்டு இழிவுபடுத்தவும், நோயுற்றாளென்று கூறி உணவின்றி அறையிலே பூட்டிவைக்கவும் முயல்கின்றாள். யாவரையும் ஊட்டியவளை உணவின்றிக் கொல்ல முனைந்தாள் என்பதில் உள்ள கொடுமை சொல்லாமலே விளங்கும். அரசியின் மாற்றம் முதலில் அச்சத்தினாலேயே நிகழ்கின்றது. மந்திர ஆற்றலால் மணிமேகலை கேடின்றி இருந்தமை கண்டு அவள் நடுங்குகின்றாள். இவ்விடத்திலே காப்பியப் புலவர் சற்று எளிதாக விடுபட்டுக்கொண்டார் என்பது என் குறை. மந்திரம் அறியாத மணிமேகலைகளுக்கு அவ்வறையிலே என்ன நேரும் என்ற வினா விடையின்றி நிற்கின்றது. ஆயினும் அச்சம் தணிந்தபின் அரசியை அவள் பகைக்கவில்லை. மகனை இழந்த தாயின் துயரைத் துயராகவே ஏற்று ஆறுதல் கூறுகின்றாள். அரசி வணங்கியதற்கு மந்திரத்தினும் இதுவே நிலைத்த காரணமாக இருத்தல் கூடும்.

ஆபுத்திரன் சாவகநாட்டிலே புண்ணியராசன் என்னும் அரசனாகப் பிறந்து, மணிமேகலையைத் தொடர்ந்து மணிபல்லவத்திற்கு வருகின்றான். அறம் யாதென்பதை அவள் அவனுக்கு உரைக்குமிடத்து வீடுபேற்றையோ வேள்வியையோ கூறாது, உயிர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதனையே கூறுகின்றாள். அரசனிடத்துக் கூறப்பட்டமையால் இக்கூற்று தனி மனிதரின் ஈகையைக் கடந்து ஆட்சியின் கடமையாகின்றது. மதுரையிலே ஆபுத்திரனுக்கு வாய்க்காத வழி இது. கையிற் பாத்திரம் இல்லை, நாடு இருக்கின்றது.

அத்தீவிலே கோமுகிக் கரையிலுள்ள புன்னை மரத்தின் கீழ் மணலைத் தோண்டி, தன் முற்பிறப்பின் எலும்புகளை அவன் காண்கின்றான். அவற்றின் அண்மையிலே வேறு எலும்புகளும் கிடந்தன. அன்று இரவு அவனை மறந்து கலத்தைச் செலுத்திச் சென்ற வணிகருள் ஒன்பது செட்டிகள், அவன் கலத்திலே இல்லாமையை உணர்ந்ததும் திரும்பி வந்து தேடி, அவன் இறந்தமை அறிந்து, தாமும் அங்கேயே உயிர்நீத்தனர் என்று தீவதிலகை கூறுகின்றாள். வாணிகமும் இலாபமும் தவிர அவர்களைப் பற்றிக் காப்பியம் நமக்கு வேறொன்றும் சொல்லியிருக்கவில்லை. பல நாள் ஒரே கலத்திலே அவனோடு கூட இருந்தார்கள் என்பது மட்டுமே நாம் அறிந்தது.