மண்ணை மீட்கும் கல்வி

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்த பழம்பெரும் ஊர் திருவெள்ளறை. அங்கே பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800இல், கம்பன் அரையன் என்பார் அகழ்வித்த கிணறு இன்றும் உள்ளது. நாற்புறமும் படிகளுடன் சுவத்திக வடிவில் அமைந்த அதனை 'மார்ப்பிடுகு பெருங்கிணறு' என்று கல்வெட்டுக் குறிக்கிறது. பாறை மிகுந்த நிலத்தில் நீரைக் கண்டு நிலைநிறுத்திய நுண்ணறிவுக்கு அது சான்று. நீரைப் பேணிய அத்தகைய அறிவு, இன்று மண்ணைப் பேணவும் தேவைப்படுகிறது.

இடைவிடாத சாகுபடியாலும், இயற்கை எருவைக் கைவிட்டு இரசாயன உரத்தை மட்டுமே நம்பியதாலும், பல வயல்களில் மண்ணின் மக்குப்பொருள் குறைந்துவிட்டது. இழந்த வளத்தை மீண்டும் மண்ணிலேயே உருவாக்கும் முறையே மீளுருவாக்க வேளாண்மை. விளைச்சலை எடுப்பதோடு நில்லாமல், ஒவ்வொரு பருவத்திலும் மண்ணை முன்னிலும் வளமுடையதாக விட்டுச் செல்வதே அதன் நோக்கம்.

இதற்குக் கல்வி எதற்கு என வினவலாம். உர மூட்டையைக் கடையில் வாங்கலாம். இம்முறைக்குரிய அறிவை அவ்வாறு வாங்க இயலாது. தக்கைப்பூண்டை எடுத்துக்கொள்வோம். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துகின்றன. பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், அதனை மடக்கி உழுதால் எளிதில் மக்கும். காலம் தாழ்த்தினால் தண்டு நாராகி மக்கத் தாமதமாகும். விதை ஒன்றே, பயனை முடிவு செய்வது உழவரின் அறிவு.

திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டிலுள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி, களர் நில ஆய்வுக்குப் பெயர்பெற்றது. களர் மண்ணில் மிகுந்துள்ள சோடியத்தை ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து வெளியேற்ற, நல்ல நீர் அதனைக் கழுவி வடிக்கிறது. பின்னர்ப் பசுந்தாள் உரம் மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது. வேதியியல் பாடம் வயலில் பயன்படும் விதம் இது.

வேளாண் பட்டதாரியான கோ. நம்மாழ்வார் (1938–2013), அரசு ஆய்வுப் பண்ணைப் பணியைத் துறந்து உழவரிடமே சென்று கற்றார். கற்றதை உழவருக்கே கற்பித்தார். கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் அவர் நிறுவிய வானகம் ஒரு பயிற்சிக்கூடமாகவே அமைந்தது.

இந்நெறி நம் மரபுக்குப் புதிதன்று. ஏர் உழுவதினும் எருவிடுதல் நன்று என்பது வள்ளுவர் கருத்து. நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரும் பறவையும் விலங்கும் உண்பது நட்டவருக்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுச் செவில்லே நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், மண்ணையும் எருவையும் நீரையும் விரிவாக ஆராய்ந்து அரபு மொழியில் வேளாண் பெருநூல் யாத்தார்.

ஆயினும் ஒரு முரண்பாட்டை மறைக்க இயலாது. நிலத்தை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர் நம்மிடையே பலர். படிப்பு என்பது வயலிலிருந்து விடுதலை என்றே நாம் கருதி வந்தோம். அவர்கள் பட்ட துன்பம் அவ்வாறு எண்ண வைத்தது. அதில் குற்றம் காண்பதற்கில்லை. எனினும், கற்றவர் அனைவரும் விலகிவிட்டால், மிகுந்த அறிவு வேண்டும் தொழில் அறிவாளரற்றதாகிவிடும்.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில. விடுதிச் சமையற்கழிவை எருவாக்கலாம். அறிவியல் மாணவர் அருகிலுள்ள சிற்றூர்களின் மண்ணைச் சோதித்து, முடிவை உழவருக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைக்கலாம். தமிழ்த்துறை மாணவர், மண்வகை, நெல்வகை, நீர்ப்பாசனம் பற்றிய வழக்குச் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்கலாம்; சொல் மறைந்தால் அச்சொல் சுமந்த அனுபவமும் மறையும். ஊர்ப் பெரியோர், வேளாண் படிப்பை வேறு இடம் கிடைக்காதோர் படிப்பாகக் கருதாது பிள்ளைகளை ஊக்குவித்தல் வேண்டும்.

மண் நமக்கு வழங்கப்பட்ட அமானிதம். பெற்றதினும் வளமுடையதாக அதனை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் கல்வியை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!