ஒழுகும் கூரைக்கும் வாடகை உண்டு. நனைந்த பாவுக்கு ஈடு இல்லையா?

ஐப்பசி பிறந்தால் வாலாஜாபாத்துக்கு இரண்டு கவலைகள் ஒன்றாக வருகின்றன. ஒன்று பாலாறு. 2021 நவம்பரில் ஆறு பெருக்கெடுத்து, அவளூருக்குச் செல்லும் பாலம் சேதமடைந்ததை ஊர் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள், செய்தியாளர்களும் வந்தார்கள்.

மற்றொன்று கூரை. வாடகை வீட்டின் தளத்தில் ஊறி, சுவர் வழியாக இறங்கி, தறிக்குழியில் தேங்கும் தண்ணீர். அதைப் பார்வையிட யாரும் வருவதில்லை. சேதத்தை நெசவாளி தன் கூலியிலிருந்து தானே ஈடுகட்டிக்கொள்கிறார். வீட்டு உரிமையாளர் ஐந்தாம் தேதி வாடகை வாங்கிச் செல்கிறார்.

குழித்தறி இருக்கும் வீட்டில் மழைநீர் என்பது வெறும் அசௌகரியம் அல்ல. தறியில் ஏற்றிய பாவில் இரண்டு மூன்று சேலைக்கான பட்டு இருக்கிறது. அந்தப் பட்டும் ஜரிகையும் பெரும்பாலும் நெசவாளியின் சொத்து அல்ல. கூட்டுறவுச் சங்கமோ பட்டு முதலாளியோ கொடுத்தவை. ஈரம் பட்டால் பட்டில் கறை விழும், ஜரிகை கறுக்கும். குழி காயும்வரை மிதிக்க முடியாது. ஒரே மழையில் கூலியும் போகிறது, கடனும் ஏறுகிறது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

நமக்குத் தெரிந்த தலித் நெசவாளர் குடும்பம் ஒன்று. மாத வாடகை 4,000 ரூபாய், முன்பணம் 20,000 ரூபாய். ஆடி மாதமே தளத்தில் விரிசல் கண்டு உரிமையாளரிடம் மூன்று முறை சொன்னார்கள். 'மழைக்கு முன்னாடி பார்த்துடலாம்' என்பதே ஒவ்வொரு முறையும் பதில். ஐப்பசியில் விடாமல் பெய்த மழையில் தறிக்குழி நிறைந்தது, பாவு கறைபட்டது, 17 நாள் தறி நின்றது. நட்டத்தைச் சொன்னபோது, 'பிடிக்கலைன்னா காலி பண்ணிக்குங்க' என்றார் உரிமையாளர்.

காலி செய்தார்கள். அப்போது நடந்ததுதான் கொடுமை. சுவரில் ஈரக்கறை படிந்திருப்பதாகச் சொல்லி, வண்ணம் அடிக்க 6,000 ரூபாயை முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். தளத்தைச் சரிசெய்யாதவர், அதனால் கெட்ட சுவருக்கும் குடியிருந்தவரிடமே தண்டம் வாங்கினார்.

நாம் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கு எழுதினோம். பிடித்த 6,000, தறி நின்ற நாட்களின் கூலி, கறைபட்ட பாவுக்காகக் கழிக்கப்பட்ட தொகை, குடியிருக்க முடியாத நாட்களின் வாடகை என நான்கு வரிகள். பல முறை பேசிய பிறகு 6,000 ரூபாய் திரும்ப வந்தது. அரை மாத வாடகையும் வந்தது. பட்டுக்கும் கூலிக்கும் ஒரு ரூபாயும் வரவில்லை. அவற்றுக்கு எழுத்தில் சாட்சியம் இல்லை என்பதை உரிமையாளர் அறிந்திருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் பேரூராட்சிகளுக்கும் உரியது.

எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று இதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், மின்கம்பி இணைப்பு ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, தாழ்ப்பாள் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவருடையவை. விரிசல் விட்ட தளம் யார் கணக்கு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வெள்ளையடிக்கும் செலவும் அப்படியே.

உரிமையாளர் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் பழுதைச் சரிசெய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்; ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக்கூடாது. வசிக்கவே முடியாத நிலை என்றால் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம், அல்லது முறையிடலாம். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. அதாவது, நாம் சொன்ன குடும்பத்திடம் 12,000 வாங்க வேண்டிய இடத்தில் 20,000 வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் இச்சட்டம் எழுத்தை நம்பி நிற்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியான வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணம் காட்டி உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்கவும் இதில் வழி இருக்கிறது. வாய்ப்பேச்சில் குடியேறும் தலித் குடும்பங்களுக்கு இங்கேதான் சிக்கல்.

கேட்க முடியாததன் காரணம்

'என்ன ஆளுங்க?' என்ற கேள்வியைத் தாண்டித்தான் நம் மக்களுக்கு ஊர்த்தெருவில் வீடு கிடைக்கிறது. வேறு யாரும் எடுக்காத, தாழ்ந்த இடத்து, பழுதுபட்ட வீடுதான் பல நேரம் கடைசியில் நமக்கு வருகிறது. சாதியைக் காரணமாக்கி வாடகைக்கு மறுப்பதைத் தடுக்கும் தனி விதி 2017 சட்டத்தில் இல்லை. இந்த வீட்டை விட்டால் அடுத்த வீடு கிடைக்குமா என்ற அச்சம் இருக்கும்போது, யார் ஒப்பந்தம் கேட்பார்கள்? யார் வாடகையைக் கழிப்பார்கள்?

இந்த அச்சம் புதிதல்ல. வாலாஜாபாத் அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். குடியிருக்கும் மனை மிராசுதாரருடையது என்பதால், எதிர்த்துப் பேசினால் குடிசையே போய்விடும் என்ற நிலையை அந்த அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணைக்கு அது வழிவகுத்தது. குடியிருப்பு மனையை அனுபவிப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனை மிராசுதாரரிடமிருந்து வாடகை வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறோம். வாயைக் கட்டும் கயிறு மட்டும் அதேதான்.

கடல் கடந்த ஊரிலும் இதன் சாயல் உண்டு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், வாடகைக் குடியிருப்பின் ஈரத்தில் படர்ந்த பூஞ்சையால் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து குடியேறியவர்கள். முன்பே புகார் சொல்லியும் பயனில்லை. அக்குடும்பத்தின் வாழ்க்கை முறையே ஈரத்துக்குக் காரணம் என்று கருதியது தவறு எனக் குடியிருப்பை நிர்வகித்த அமைப்பு பின்னர் ஒப்புக்கொண்டது. அக்குழந்தையின் பெயரால் வந்த சட்டப்படி, சமூகக் குடியிருப்புகளில் உயிருக்கு ஆபத்தான அவசரப் பழுதுகளை 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும். 2025 அக்டோபரில் இது நடைமுறைக்கு வந்தது. வீடு கெட்டதற்கு அதில் வாழ்பவரின் பழக்கத்தைக் குற்றம் சொல்லும் வழக்கம் நமக்கும் பழகியதுதானே!

என்ன செய்யலாம்?

எழுத்து தரப்படவில்லை என்றால் எழுத்தை நாமே உண்டாக்க வேண்டும். குடியேறும் நாளிலேயே தளம், சுவர், குழாய் ஆகியவற்றைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வாடகையை வங்கிக் கணக்கு வழியாகச் செலுத்துங்கள். ரொக்கமாகத் தந்தால் ரசீது கேளுங்கள், அது உங்கள் உரிமை. பழுதை வாயால் சொல்வதோடு நிற்காமல் தேதியிட்டு எழுதி, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பட்டு நனைந்தால் சங்கமோ முதலாளியோ கழித்த தொகைக்குச் சீட்டு வாங்குங்கள். நியாயமான ஈடு என்பது ஆத்திரத்தில் சொல்லும் தொகை அல்ல. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சீட்டு இருக்கும் கணக்கு.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஈடு கேட்டதற்காகப் பலர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினாலோ, பட்டியல் சாதியினர் என்பதால் வீட்டை விட்டு விரட்டினாலோ, அது வாடகைத் தகராறு அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம்.

மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பது இதுதான்: ஆண்டுதோறும் மழைக்கு முன்பே வாலாஜாபாத்தில் வாடகை ஒப்பந்தப் பதிவு முகாம் நடத்துங்கள். கைத்தறித் துறையினரும் உடன் வந்து வாடகை வீட்டுத் தறிகளைக் கணக்கெடுக்கட்டும். ஏரிக்கரையைப் பார்வையிடும் அதிகாரிகள் ஒரு நாள் நெசவாளர் தெருவுக்கும் வந்து, கூரையை அண்ணாந்து பார்க்கட்டும்.