கழுத்துத் தமனிச் சுவருக்குள் ஒரு பார்வை

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி கழுத்தில் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் கொழுப்பும் நாரும் சுண்ணாம்பும் சேர்ந்து படிந்து தமனியைக் குறுகச் செய்வதுண்டு. அறிகுறி தோன்றியவர்களுக்கு 70 விழுக்காடும் அதற்கு மேலும் குறுகிய தமனியில் அறுவைச் சிகிச்சை பக்கவாதத்தைப் பெரிதும் தடுக்கும் என 1991-இல் வட அமெரிக்க ஆய்வொன்று நிறுவியபின், குறுகலின் அளவே மருத்துவர்களின் முதன்மை அளவுகோலாயிற்று. ஆயினும் குறைவாகவே குறுகிய தமனியிலும் படிவு வெடித்து, உறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் நேரக்கூடும் என்பதால், படிவு எதனால் ஆனது என்ற கேள்வியைப் புறக்கணிப்பது பெரும் பிழை. உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சைகைகளைக் காந்தப்புலத்தில் படமாக்கும் எம்.ஆர்.ஐ., எக்ஸ்-கதிர் இன்றியே அதற்கு விடையளிக்கிறது: படிவுக்குள் கசிந்த குருதியின் ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாக மாறும்போது டி1 எனப்படும் எம்.ஆர்.ஐ. பட வகையில் வெண்மையாக ஒளிர்கிறது; அந்த ஒளிர்வு பக்கவாத அபாயம் மிகுந்திருப்பதைக் காட்டும் அடையாளமாகும்.