வேலை பார்த்த டிராக்டர் இன்ஜின்: ஏற்றும் முன் ஓட்டிப் பாருங்கள்

பிரித்து வேலை பார்த்த டிராக்டர் இன்ஜினை வண்டியில் ஏற்றும் முன், கனமான ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்கி ஓட்டிப் பாருங்கள். கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் கசிவது ஏற்றிய பிறகு தெரிந்தால், டிராக்டரையே மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டிவரும். உழவு நாளும் கூலியும் வீண்.

ரேடியேட்டரை இணைத்து, தண்ணீரும் ஆயிலும் நிரப்பி, திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடிகளில் ஆயில் பிரஷர் ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். வேட்டி, துண்டு ஃபேன் அருகே போகக் கூடாது.

கசிவு தெரிந்தால் நிறுத்தி, ஆறவிட்டு, துடைத்து, முகப்பவுடர் தூவி மீண்டும் ஓட்டுங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும் என்பதால், ஈரம் தொடங்கும் மேல்முனையில் கசிவைத் தேடுங்கள்.

கடைசியாக ஆயில் அளவுக் கம்பியைப் பாருங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டையும் லைனர் ரப்பர் வளையங்களையும் சரிபார்க்காமல் ஏற்றாதீர்கள்.