தைனோ மக்கள்

தைனோ மக்கள் எனப்படுவோர் கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தொல்குடி மக்கள் ஆவர். 1492 இல் கிறிஸ்தோபர் கொலம்பஸ் அமெரிக்கப் பகுதியை அடைந்தபோது முதலில் சந்தித்தவர்கள் இவர்களே. கியூபா, ஜமேக்கா, புவேர்ட்டோ ரிக்கோ, ஹிஸ்பானியோலா (இன்றைய ஹெயிட்டி, டொமினிக்கன் குடியரசு), பகாமாசு ஆகிய தீவுகளில் இவர்கள் பரவியிருந்தனர். இவர்களது மொழி அராவாக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

வாழ்க்கை முறை

தைனோ மக்கள் மண்மேடுகள் அமைத்து மரவள்ளி, சர்க்கரைவள்ளி முதலிய கிழங்குகளைப் பயிரிட்டனர். நச்சுத்தன்மை கொண்ட மரவள்ளியின் சாற்றைப் பிழிந்து நீக்கிய பின்னர் மாவை ரொட்டியாகச் சுட்டனர். ஊர்களைக் "கசீக்" எனப்பட்ட தலைவர்கள் ஆண்டனர். பெண்களும் இப்பதவியை வகித்தனர். ஆங்கிலத்தில் வழங்கும் கனூ (ஓடம்), ஹரிக்கேன் (சூறாவளி) ஆகிய சொற்கள் இவர்களது மொழியிலிருந்து ஸ்பானியம் வழியாக வந்தவை.

ஸ்பானியருடன் தொடர்பு

1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் குவானகானி என்னும் தீவில் இறங்கினார். ஆசியாவை அடைந்துவிட்டதாக எண்ணிய அவர் அங்கிருந்தோரை இந்தியர் என அழைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவரது சாந்தா மரியா கப்பல் ஹிஸ்பானியோலாக் கரையில் தரைதட்டியது. குவாக்கனகரி என்னும் தலைவரின் மக்கள் கப்பலில் இருந்த பொருட்களைக் கரைசேர்க்க உதவினர். கப்பலின் மரங்களைக் கொண்டு லா நவிதாத் என்னும் கோட்டை கட்டப்பட்டது. அங்கு விட்டுச்செல்லப்பட்ட சுமார் 39 பேரும், 1493 இல் கொலம்பஸ் 17 கப்பல்களுடன் திரும்புவதற்கு முன்னரே இறந்துவிட்டனர்.

1495 அளவில் பொன் வரி விதிக்கப்பட்டது. பொன் கிடைக்கும் பகுதிகளில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு சிறு மணியை நிரப்பும் அளவு பொன் செலுத்த வேண்டும். ஆற்று மணலில் கிடைத்த பொன் இதற்குப் போதவில்லை. பின்னர் என்கோமியெண்டா முறையின் கீழ் மக்கள் குடியேறிகளிடம் பங்கிடப்பட்டுச் சுரங்கங்களில் கட்டாய வேலை செய்தனர். ஆட்கள் சுரங்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் வேளாண்மை குன்றிப் பஞ்சம் உண்டாயிற்று.

எதிர்ப்பு

1511 இல் அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்னும் துறவி சாந்தோ தொமிங்கோவில் ஆற்றிய மறையுரையில் இக்கொடுமைகளைக் கண்டித்தார். இதன் விளைவாக 1512 இல் பூர்கோஸ் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் கட்டாய உழைப்பு நீடித்தது. 1519 இல் என்ரிக்கியோ என்னும் தைனோ தலைவர் பகோருக்கோ மலைகளில் கிளர்ச்சியைத் தொடங்கினார். 1533 இல் ஸ்பானிய அரசு அவருடன் உடன்படிக்கை செய்துகொண்டது.

மக்கள்தொகை வீழ்ச்சி

1492 இல் ஹிஸ்பானியோலாவில் வாழ்ந்தோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. 1514 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 26,000 பேரே பங்கிடப்பட்டோராகப் பதிவாயினர். பெரியம்மை 1518 இன் இறுதியிலேயே அங்கு பரவியது. ஆகவே வீழ்ச்சிக்கு அந்நோய் மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது.

தைனோ மக்கள் முற்றாக அழிந்துவிட்டனர் என நீண்ட காலம் எழுதப்பட்டு வந்தது. ஆயினும் பலர் மலைப்பகுதிகளில் ஒதுங்கியும் பிற இனத்தவருடன் கலந்தும் வாழ்ந்தனர். புவேர்ட்டோ ரிக்கோ மக்களிடையே தாய்வழி மரபணுவில் தொல்குடி மரபு பெருமளவில் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்றும் தம்மைத் தைனோ என அடையாளப்படுத்துவோர் அங்கு உள்ளனர்.