வக்கீல் இலவசம், பஸ் டிக்கெட்?

போன செமஸ்டர், பிளேஸ்மென்ட் சீசன். எல்லோரும் லேப்ல உட்கார்ந்து ஒரு கம்பெனியோட ஃபார்மை நிரப்பிக்கிட்டு இருந்தோம். 'நேஷனாலிட்டி' கட்டத்தில் 'இந்தியன்' என்று தட்டிட்டு நான் அடுத்ததுக்குப் போயிட்டேன். பக்கத்து சீட் தோழி அந்தக் கட்டத்திலேயே நின்னுட்டா. நாலு வருஷமா ஒரே கிளாஸ், ஒரே கேன்டீன் டேபிள். அவ இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருந்து வர்றவ என்பது எனக்குத் தெரியும். அதுக்கு என்ன அர்த்தம் என்பது அன்னைக்குத்தான் புரிஞ்சது.

பிறந்தது 2004 ஆகஸ்ட், தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில். ஒண்ணாவதில் இருந்து இன்ஜினீயரிங் வரை படிச்சது எல்லாம் இங்கேதான். ஆதார் இருக்கு, பாஸ்போர்ட் இல்லை. (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அவளை அடையாளம் காட்டுற விவரம் எதுவும் இதில் இருக்காது.)

உடனே நாங்க ஏழு பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம். 'வக்கீல் ஃபீஸுக்கு நிதி திரட்டுவோம்' என்று போஸ்டர் டிசைன் பண்ணினோம், ஜீபே கியூஆர் கோடு போட்டோம். ஒரே வாரத்தில், நாங்க செஞ்சது பாதிக்கு மேல தப்புன்னு தெரிஞ்சது. உங்க காலேஜிலும் யாராவது இப்படி ஆரம்பிக்கலாம் என்பதால் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல, சட்டம் என்ன சொல்லுது?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து தமிழர்கள் படகில் இங்கே வர ஆரம்பிச்சாங்க. 2021-இல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி, 108 முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர், முகாமுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேர். அகதிகள் பற்றிய 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடலை. அகதிகளுக்கு என்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கு, இலங்கை இல்லை.

அப்போ இங்கேயே பிறந்தவங்களுக்கு என்ன வழி? 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு. அதில் எல்லாமே பிறந்த தேதியைப் பொறுத்தது:

1. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்தியாவில் பிறந்திருந்தா, பெற்றோர் யாரா இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகன்.
2. அந்தத் தேதியில் இருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்னாடி வரை பிறந்திருந்தா, அப்பா அம்மாவில் ஒருத்தராவது அப்போ இந்தியக் குடிமகனா இருந்திருக்கணும்.
3. அதுக்கப்புறம் பிறந்திருந்தா, ரெண்டு பேருமே குடிமக்களா இருக்கணும். ஒருத்தர் மட்டும்தான் குடிமகன் என்றால், இன்னொருத்தர் சட்டவிரோதமா குடியேறினவரா இருக்கக் கூடாது.

முதல் விதி வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. 1986-இல் மண்டபத்தில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுத்தாங்க. அவர் பிறப்பாலேயே இந்தியர்தான் என்று 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பு சொன்னது.

இப்போ தோழி விஷயத்துக்கு வருவோம். அவ அம்மா 1985-இல் மண்டபத்தில் பிறந்தவங்க. அது நிரூபணம் ஆனா முதல் விதிப்படி அம்மா இந்தியர். அம்மா இந்தியர் என்றால், 2004 ஆகஸ்டில் பிறந்த தோழி ரெண்டாவது விதிப்படி இந்தியர். ரெண்டு பேர் வாழ்க்கையும் 1985-ஆம் வருஷத்துக் காகிதம் ஒண்ணுல நிக்குது.

அப்போ எதுக்குக் காசு?

நாங்க செஞ்ச பெரிய தப்பு 'வக்கீல் ஃபீஸ்' என்று போஸ்டர் அடிச்சது. 1987 சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் போன்றவங்களுக்கு அரசே இலவசமா வக்கீல் தரும். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவுன்னுகூடப் பார்க்க மாட்டாங்க. சட்டத்தில் இருக்கிற வார்த்தை 'நபர்'தான், 'குடிமகன்' இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்கு போன் பண்ணியும் கேட்கலாம்.

வக்கீல் கிடைச்சாச்சு. வழக்கு நகரலை. ஏன்னு தோழியோட அம்மாகிட்ட கேட்டோம். "மண்டபத்துக்குப் போயிட்டு வர ரெண்டு நாள் ஆகும் தம்பி. ரெண்டு நாள் கூலி போயிடும்"னாங்க. முகாமில் கணக்கெடுக்கிற நாளில் ஆள் இருந்தாகணும், அதையும் பார்த்துத்தான் கிளம்பணும். ஒருவழியா போய்ப் பார்த்தா, பிறப்புப் பதிவேட்டில் குழந்தை பேரே இல்லை. 'பெண்' என்று மட்டும் இருக்கு. தாத்தா பேரில் ஒரு எழுத்து வேற. அந்தப் 'பெண்'தான் இந்த அம்மா என்று காட்ட முகாம் குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, பிரமாணப் பத்திரம், நோட்டரி, சான்றிட்ட நகல்... ஒவ்வொண்ணும் சின்னச் செலவுதான். மொத்தமா சேர்ந்தா தினக்கூலிக் குடும்பம் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுது. அப்படியே இருபது வருஷம் ஓடிடுது.

அதனால போஸ்டரை மாத்தினோம். பயணம், போன கூலி, நகல், நோட்டரி. இந்த நாலுக்குத்தான் நிதி. டெக் ஃபெஸ்டில் பஜ்ஜி ஸ்டால் போட்டதும் நன்கொடையும் சேர்ந்து ₹38,000 சொச்சம் வந்தது. முழு வழக்குக்கு அது பெரிய தொகை இல்லை. ஆனா இந்த நாலு செலவுக்குத் தாராளம்.

காசு சேர்க்கும்போது கவனிக்க வேண்டியது

*சொந்த கியூஆர் கோடு வேண்டாம்.* ஃபிரண்டு கணக்கில் ஊர்க் காசு விழுந்தா கணக்குக் காட்டவும் முடியாது, சந்தேகத்தைத் தடுக்கவும் முடியாது. முகாம்களில் பல வருஷமா வேலை செய்யற ஒரு பதிவு பெற்ற அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு மாத்தினோம். பில் காட்டினா பணம்.

*வெளிநாட்டு சீனியர்கள்.* அமெரிக்காவில் இருக்கிற அண்ணா ஒருத்தர் அனுப்பறேன்னார். அவர் இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தா, ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள அமைப்பு, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்கில்தான் வாங்கலாம். நாங்க அண்ணாகிட்ட முதல்ல கேட்டது, "எந்தப் பாஸ்போர்ட்ணா?"

*போட்டோ வேண்டாம்.* முதல் போஸ்டரில் தோழி முகத்தைப் போட்டிருந்தோம். "பாவம்னு பார்த்துக் காசு போடுவாங்க, அப்புறம் கிளாஸ்ல எல்லோரும் அப்படியே பார்ப்பாங்க"ன்னா. எங்களுக்கு முகம் சுருங்கிப்போச்சு. வழக்கு நடக்கிறப்போ பேர், படம், முகாம் விவரம் வெளியே போறது அந்தக் குடும்பத்துக்கும் நல்லதில்லை. வரவு செலவை வெளியிடுங்க, ஆளை வெளியிடாதீங்க.

*வாக்குறுதி வேண்டாம்.* 'பாஸ்போர்ட் வாங்கித் தருவோம்' என்று எழுதாதீங்க. முடிவு சொல்றது அதிகாரியும் நீதிமன்றமும்தான்.

இப்போ நிலைமை? பிரமாணப் பத்திரம் வரை முடிஞ்சிருக்கு, விண்ணப்பம் நிலுவையில் இருக்கு. அந்தக் கம்பெனி ஃபார்மை அவ அனுப்பலை. வேற ஒரு கம்பெனியில் இன்டர்வியூ முடிச்சு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கா.

மே மாசம் நாங்க எல்லோரும் காலேஜை விட்டுக் கிளம்பிடுவோம். ஃபைல் அவ்வளவு சீக்கிரம் முடியாது. அதனால கணக்கு நோட்டு, வக்கீல் தேதிகள், பில் ஃபைல் மூணையும் மூணாம் வருஷப் பசங்க ரெண்டு பேர்கிட்ட ஒப்படைச்சிருக்கோம். இன்னும் ரெண்டு பேர் தேவை. டிசைன் தெரிஞ்சவங்க ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க. மண்டபம் வரைக்கும் அந்த அம்மாகூட பஸ்ஸில் போயிட்டு வர யாராவது இருந்தா சொல்லுங்க.